மண் தின்னாத ஊசி

1

எங்கள் சமையலறை ஜன்னலோரத்தில் ஒரு மஞ்சள் டப்பா இருக்கிறது. ஒரு லிட்டர் சொம்பு அளவு. மூடியில் உள்ள வாய் வழியாக உள்ளே போடலாம். விரலை விட்டு எதையும் வெளியே எடுக்க முடியாது. முக்கால் உயரத்தில் ஒரு கோடு. அதைத் தாண்டி நிரப்பக் கூடாது. காலையிலும் மாலையிலும் இன்சுலின் போட்டுக்கொண்டதும் பேனாவின் நுனியிலிருந்து ஊசியைக் கழற்றி அதில் போடுகிறேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அத்துடன் அந்த ஊசி என் கவலை இல்லை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்த ஊருக்கு நாங்கள் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர். நான் இங்கே வருவதற்கு முன் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தவன். இங்கே ஒரு கிடங்கில் சரக்குப் பட்டியல் சரிபார்க்கிறேன். இரண்டு வேலையிலும் எண்ணிக்கை தவறக் கூடாது.

அந்தப் பழக்கம் ஒரு முறை மானத்தை வாங்கியது. டப்பா முதன்முதலாகக் கோடு வரை நிரம்பியபோது உள்ளூர் கவுன்சில் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முகவரி, மருத்துவரின் பெயர், நோயின் பெயர், டப்பாவை வாசலின் எந்தப் பக்கம் வைப்பேன் என்பதுவரை விசாரித்த பெண், கடைசியில் “எத்தனை?” என்று கேட்டார். “நூற்று எழுபது இருக்கும்” என்றேன். மறுமுனையில் எதையோ தட்டச்சு செய்து அழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிகுந்த பொறுமையுடன், “டப்பா எத்தனை என்று கேட்டேன்” என்றார். என் மகள் செலின் இதை இன்றுவரை தன் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள். பதினைந்து வயதாகிறது. தமிழில் அவள் பேசும் வாக்கியங்கள் வருடத்துக்கு வருடம் சிறுத்துவருகின்றன.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கையுறை அணிந்த மனிதர் வழக்கம்போல் வந்தார். மணியை அடிக்கவில்லை. வாசலின் இடப்பக்கம் இருந்த நிரம்பிய டப்பாவை எடுத்துக்கொண்டு காலி டப்பாவை வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுக்கக் குனிந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார்.

படத்தில் ஒரு பெண்ணின் வலது கட்டைவிரல். நகத்தைச் சுற்றி ஈரமண். விரலுக்கு அடியில் பாதி புதைந்த விதை வெங்காயம். வேறொன்றும் இல்லை.

அந்தக் கட்டைவிரல் அந்தத் தோட்டத்து மண்ணுக்குத் திரும்பி வர ஆறு மாதம் ஆனது.

2

அண்ணன் சவரிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் குஜிலியம்பாறை பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் மழையை நம்பிய காடுகள். அண்ணனிடம் மட்டும் வற்றாத கிணறும் இரண்டு ஏக்கர் தோட்டமும் இருக்கின்றன. சின்ன வெங்காயம் போடுவார். சர்க்கரை நோய் வந்து பதினெட்டு வருடம். இன்சுலின் போடத் தொடங்கி இரண்டு வருடம்.

ஊசி விஷயத்தில் என் அனுபவம் மூத்தது என்பதால் போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வயிற்றில் எந்த இடத்தில் போடுவது, தினம் எப்படி இடம் மாற்றுவது, மருந்தைக் குளிர்பெட்டியின் எந்தத் தட்டில் வைப்பது. போட்ட ஊசியை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, ஏனென்றால் அவருக்கு அதில் ஐயமே இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருந்தது.

சாணம், சாம்பல், வெங்காயச் சருகு, கூட்டிய குப்பை எல்லாம் அந்தக் குழிக்குத்தான் போகும். பிளாஸ்டிக் பைகளை அண்ணனின் மனைவி, என் மதினி, பொறுக்கி எடுத்துவிடுவார். இரும்பு போகலாம். உடைந்த ஆணி, தேய்ந்த களைக்கொத்தி எதுவானாலும் எங்கள் மண்ணில் இரண்டு மழைக்குள் செந்தூளாகிவிடும். அண்ணன் ஊசியையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார். பின்னால் நான் கேட்டபோது சொன்னது இது:

“தெருவுல போட்டா எவன் கால்லயாச்சும் ஏறும். ஓடையில போட்டா ஆடு மாடு மிதிக்கும். குழியில போட்டா மண்ணு தின்னுரும்ல, அதான் போட்டேன்.”

அலட்சியமான ஆள் செய்த தவறு அல்ல இது. மூன்று வழிகளை யோசித்துப் பார்த்து, அதில் யாருக்கும் தீங்கில்லாதது என்று நம்பியதைச் செய்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். இன்சுலின் ஊசி துருப்பிடிக்காத எஃகு. இரண்டு வருடம் சாணத்துக்குள் கிடந்தாலும் பளபளவென்று அப்படியே இருக்கும். சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் அடிப்பகுதி மட்டும் மண் நிறத்துக்கு மாறும். அதனால் கண்ணுக்கும் தெரியாது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் குழியை வெட்டி, ஒரு வண்டி எருவைத் தோட்டத்தின் வடமேற்கு மூலையில் நான்கு சென்ட்டில் இறைத்தார். மறுவாரம் அங்கிருந்துதான் வெங்காயம் ஊன்றத் தொடங்கினார்கள். விதை வெங்காயத்தை, மண் அணைத்து உயர்த்திய பாரின் ஓரத்தில், கட்டைவிரலால் அழுத்திப் பாதி புதைக்க வேண்டும். கருவி எதுவும் கிடையாது. வெறும் விரல்தான்.

பாண்டியம்மாள்தான் ஆட்களைக் கூட்டி வருபவர். அடுத்த ஊர்க்காரர், நாற்பத்தெட்டு வயது, இருபது வருடமாக எங்கள் தோட்டத்தில் முதல் வரிசை அவருடையது. ஏழாவதோ எட்டாவதோ வெங்காயத்தை அழுத்தும்போது குத்தியது. முள் என்று நினைத்துப் பிடுங்கினார். பிடுங்கியதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எழுந்து, வரப்பில் நின்ற அண்ணனிடம் கையை நீட்டினார்.

“அண்ணே, இது உங்க வீட்டு முள்ளா?”

3

பம்புசெட் தண்ணீரில் சோப்புப் போட்டு விரலைக் கழுவவைத்து, அண்ணன் அவரைத் தன் டி.வி.எஸ். வண்டியில் ஏற்றித் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டெட்டனஸ் ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஊசி யாருடையது என்று தெரிந்ததால் அண்ணனுடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். அண்ணனுக்கு மஞ்சள் காமாலைக் கிருமியோ வேறு கிருமியோ இல்லை என்று வந்தது. பாண்டியம்மாளுக்கும் அன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சில கிருமிகள் உடனே தெரியாது, ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் திரும்ப வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். சர்க்கரை நோய் ஊசி வழியாகத் தொற்றாது என்பதையும் மருத்துவர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

“ஒட்டுனா நல்லதுதான் டாக்டர், காப்பிக்குச் சீனி மிச்சம்” என்றாராம் பாண்டியம்மாள்.

ஊருக்குள் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. மூன்று மாதம் என்ற சொல்லை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. அவருடைய ஓரகத்தி, ஒரே வீட்டில் இருப்பவர், தண்ணீர் குடிக்க அவருக்குத் தனிச் சொம்பு எடுத்து வைத்தார்.

அண்ணன் அன்று மாலையே எருக்குழியில் குப்பை போடுவதை நிறுத்தினார். இறைத்த நான்கு சென்ட்டிலும் நான்கு விரல் ஆழத்துக்கு மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டி, தட்டுத் தட்டாகச் சுமந்து, அதே குழிக்குள் கொட்டி, மேலே கருங்கல் பரப்பி முள்வேலி போட்டார். ஒன்பது நாள் வேலை. ஆள் யாரையும் வைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் இடது குதிகாலில் ஒரு கொப்புளம்.

அந்தக் கொப்புளம் ஆறவில்லை. காரணம் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மதினி போன் செய்தார்.

“தம்பி, உங்க அண்ணன் ஊசியை விட்டுட்டாரு.”

“என்னிக்கு மதினி?”

“பாண்டிக்குக் குத்துன அன்னிக்கே. பேனாவைத் தூக்கிப் பீரோ மேல வச்சுட்டாரு. மாத்திரை மட்டும் போடுறாரு. நேத்துப் பார்த்தா நானூறுக்குப் பக்கத்துல நிக்குது. கால்ல புண்ணு வாய் தொறக்குது. நீங்க சொன்னாக் கேப்பாருன்னுதான்.”

நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “ஒரு பொம்பளைப் பிள்ளை கையில ஏத்துனது போதும்லே. அடுத்து எவ கையில ஏறும்னு பயந்துக்கிட்டு என்னால போட முடியாது” என்றார். குழியை மூடியாகிவிட்டது. புதிதாகப் போடும் ஊசிக்கு வேறு வழி என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்து ஒரு முறை பட்டாயிற்று. அதனால் ஊசியையே நிறுத்திவிட்டார். அவர் தர்க்கத்தில் ஓட்டையில்லை. அவர் உடம்பில்தான் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். இது நடப்பதற்கு ஒரு வருடம் முன்பு, மஞ்சள் டப்பாவை வாசலில் வைக்கும்போது செலின் கேட்டாள்: “அப்பா, பெரியப்பாக்கு இந்த பாக்ஸ் யாரு குடுக்குறாங்க?” அங்கெல்லாம் வேறு மாதிரி என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். திண்டுக்கல்லில் இருந்தபோது குளத்தங்கரையில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைப் பற்றிப் படத்துடன் இரண்டு நாள் செய்தி எழுதியவன் நான். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். நிருபர் குறித்துக்கொள்ளவில்லை.

4

முதலில் டப்பாதான் பிரச்சினை என்று நினைத்தேன். திருச்சிக்குப் பயணமாக இருந்த நண்பர் ஒருவரிடம் பயன்படுத்தாத மஞ்சள் டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அது ஊர் போய்ச் சேர்ந்தது. மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து மதினி அதை எனக்குப் போனில் காட்டினார்.

“டப்பா நல்லா அழகா இருக்கு தம்பி. நெறஞ்சா எங்க குடுக்க?”

டப்பாவை அனுப்பிவிட்டேன்; அதை எடுத்துப் போகும் கையுறை மனிதரை அனுப்ப முடியவில்லை. அவர் இல்லாத இடத்தில் அது இன்னொரு எருக்குழிதான், நிறம் வேறு.

அடுத்து எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். மனு எழுதினேன். வீட்டில் சேரும் ஊசிகளை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யும்படி மூன்று அலுவலகங்களுக்கு இணையம் வழியாக விண்ணப்பித்தேன். வாக்கியம் ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தினேன். முதல் அலுவலகம் மனுவை உரிய துறைக்கு அனுப்பியதாகத் தெரிவித்தது. உரிய துறை, இது தனக்கு உரியதல்ல என்று தெரிவித்தது. மூன்றாவது அலுவலகத்தின் பதிலை எடுத்து வைத்திருக்கிறேன்: மனுதாரர் வெளிநாட்டில் வசிப்பதால் நேரில் விசாரிக்க இயலவில்லை, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது. அண்ணனின் முகவரி மனுவின் இரண்டாம் வரியில் இருந்தது.

ஊரில் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலரிடம் மதினி கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம். “அக்கா, நான் கையால பிரிக்கிறவ. என்கிட்டயா இதைக் குடுக்கப் போறீங்க?” மதினிக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

கார்த்திகை போனது. மார்கழி போனது. அண்ணன் எட்டுக் கிலோ இளைத்தார். வடமேற்கு மூலை மட்டுமல்ல, முழுத் தோட்டமும் தரிசாகக் கிடந்தது. எங்கள் வெங்காயத்தை ஊன்ற ஒரு பெண்ணும் வரவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை.

5

தைப் பொங்கலுக்கு மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை. மதினி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். நான் வீடியோவில் அண்ணனுடன் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் வாசல் தெரிந்தது. பாண்டியம்மாள் உள்ளே வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. இதற்குப் பின் நடந்தது நானே கண்டது.

“அண்ணே, மூணாவது ரத்தமும் நல்லா இருக்குன்னுட்டாங்க. இந்தாங்க சீட்டு.”

அண்ணன் சீட்டை வாங்கிக் கண்ணாடி இல்லாமலே வெகுநேரம் பார்த்தார். “சந்தோசம் பாண்டி” என்றார்.

“சந்தோசம் இருக்கட்டும். கால்ல என்ன கட்டு? ஆளு பாதியாப் போயிட்டீங்க?”

அடுப்படியிலிருந்து மதினியின் குரல்: “நல்லாக் கேளு. உனக்குக் குத்துன நாள்லருந்து ஊசி போடல. மூணு மாசம் ஆச்சு.”

பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். “குத்துனது எனக்கு. விட்டது நீங்களா? இது என்ன கூத்துண்ணே?”

“அந்தக் கருமம் இனி இந்த வீட்டுக்குள்ள வேணாம்னு விட்டேன்.”

“மூணு மாசமா என் ஓரகத்தி எனக்குத் தனிச் சொம்பு வச்சா. வாய் தொறக்காம குடிச்சேன். இன்னிக்குச் சீட்டக் காட்டி, அந்தச் சொம்பத் தூக்கி அவ கையிலயே குடுத்துட்டுத்தான் வாரேன். ஊசி குத்தி நான் சாகல. ஊசி போடாம நீங்க செத்தீங்கன்னா, பாண்டியாலதான் சவரி போனான்னு ஊரு சொல்லும். அந்தச் சொம்பையும் நானே தூக்கணுமா?”

அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “போடுறேன். போட்ட ஊசி எங்க போகும்? அதை மட்டும் சொல்லு. வழி தெரியாம இனி ஒரு ஊசி என் கையை விட்டு வெளிய போகாது.”

“அப்ப நானும் ஒண்ணு சொல்றேன். நீங்க ஊசி போடுற வரைக்கும் உங்க தோட்டத்துல நான் வெங்காயம் ஊன மாட்டேன். என் ஆளுக ஒருத்தியும் ஊன மாட்டா. சித்திரைப் பட்டத்துக்கும் தரிசாக் கெடக்கட்டும்.”

அப்போதுதான் போனில் என்னைப் பார்த்தார். “சின்னண்ணனா? பேப்பர்ல எழுதுன ஆளு. நீங்க என்ன பண்ணுனீங்க?”

“மூணு இடத்துக்கு மனு போட்டிருக்கேன் பாண்டி.”

“யாரு படிச்சா?”

நான் போனின் கோணத்தைச் சரிசெய்தேன்.

“சரி, சரி. அங்க குளிரு எப்புடி?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்தார். அது எனக்காகக் காட்டிய கருணை என்று புரிந்தது.

6

அடுத்த பகுதியை நான் பார்க்கவில்லை. பாண்டியம்மாளிடமும் மதினியிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போன அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். பழைய பழக்கம்.

ரத்தம் கொடுக்கப் போன மூன்று முறையும் பாண்டியம்மாள் ஆஸ்பத்திரி ஊசி அறையில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு வெள்ளை டப்பா. போட்ட ஊசியையெல்லாம் செவிலியர் அதில் போட்டதைப் பார்த்தார். இது எங்கே போகும் என்று கேட்டார். வண்டி வந்து எடுத்துப் போகும், பெரிய உலையில் வைத்து அழித்துவிடுவார்கள் என்றார் செவிலியர். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதே வண்டி வருமா என்று கேட்டார். வரும் என்று பதில் வந்தது. நான் மூன்று மனுக்களில் தேடிய தகவல் இவ்வளவுதான்.

பிறகு யார் யார் வீட்டில் ஊசி போடுகிறார்கள் என்று எண்ணினார். களை எடுக்கவும் வெங்காயம் ஊன்றவும் போகாத வீடு கிடையாது என்பதால் அது அவருக்குக் கடினமில்லை. இரண்டு ஊரிலும் சேர்த்துப் பதினோரு வீடு. இரண்டு வீட்டில் பவுடர் டப்பாவில், ஒரு வீட்டில் தீப்பெட்டியில், மூன்று வீட்டில் காப்பித்தூள் பையில், மிச்ச வீடுகளில் அண்ணனைப் போலவே எருக்குழியில். சேர்த்து வைத்திருந்த வீட்டுப் பெண்கள் ஆறு பேரையும் மதினியையும் கூட்டிக்கொண்டு மாசி முதல் செவ்வாய் காலை சுகாதார நிலையத்துக்குப் போனார்.

“என்னம்மா, கூட்டமா வந்திருக்கீங்க? யாருக்கு என்ன?” என்றார் செவிலியர்.

“யாருக்கும் ஒண்ணும் இல்ல நர்சம்மா. ஊசி குடுக்க வந்தோம்.”

செவிலியர் பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். “ஐயோ, இதை இங்க வாங்க முடியாதும்மா. நாங்க போட்ட ஊசிக்குத்தான் எங்க டப்பா. வெளி ஊசிக்கு ரூல் இல்ல.”

“எனக்கு இது குத்துச்சுன்னு வந்தா ஊசி போடுவீங்களா, மாட்டீங்களா?”

“அது போடுவோம்.”

“அதுக்கு ரூல் இருக்கு.”

“இருக்கு.”

“குத்துனதுக்கப்புறம் வந்தா ரூல் இருக்கு. குத்தாம இருக்க வந்தா ரூல் இல்லையா?”

வரிசையில் காய்ச்சலுக்கு நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒரு பெரியவர், “ஏத்தா, அது சரியான கேள்விதானே” என்றிருக்கிறார். சத்தம் கேட்டு மருத்துவர் வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண். பாண்டியம்மாள் குரலை உயர்த்தவில்லை. கட்டைவிரலை நீட்டி, ஐப்பசியில் குத்தியது முதல் தனிச் சொம்பு வரை வரிசையாகச் சொன்னார். மதினி அண்ணனின் காலைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும், “எங்க மேலதிகாரிக்கு நான் எழுதிக்கிறேன். இன்னிக்குக் கொண்டுவந்ததை வாங்கிக்கங்க சிஸ்டர்” என்றார்.

ஆனால் சும்மா வாங்கவில்லை. பெண்களை உட்காரவைத்துச் சொன்னார். காகிதத்தில் சுற்றியோ பையிலோ கொண்டுவரக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி வேண்டும். ஊசி போட்ட கையோடு அதில் போட வேண்டும். ஊசியை வளைப்பது, உடைப்பது எதுவும் வேண்டாம். முக்கால் வந்ததும் மூடி, டேப் ஒட்டி, மேலே எழுதிக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. மாதத்தின் முதல் செவ்வாய் வாங்கிக்கொள்வோம்.

“பூச்சி மருந்து கேன் கெட்டியாத்தானே இருக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

“விஷத்தை வீட்டுக்குள்ள கொண்டு வைக்கவா? வேணாம்மா. பினாயில் கேனைக் கழுவிக் காய வச்சு எடுத்துக்கங்க.”

இங்கிலாந்தில் நான் படிவம் நிரப்பிப் பெறும் ஏற்பாடு, எங்கள் ஊரில் ஒரு காலைப் பொழுதில், ஒரு பெஞ்சில் முடிந்தது. அன்று மாலை அண்ணன் பீரோ மேலிருந்து பேனாவை இறக்கினார். மறுநாளே மருத்துவரிடம் போய்ப் புது மருந்தும் புது அளவும் வாங்கிக்கொண்டார். மதினி எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் அவர் பேச்சுக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. பினாயில் கேனின் அடியில் முதல் ஊசி விழுந்த சத்தம். அதை நான் நான்கு முறை போட்டுக் கேட்டேன். என் டப்பாவின் சத்தத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது.

7

கேன்களுக்கு ஒட்டும் சீட்டை செலின் வரைந்தாள். நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னதும் போனை ஓரமாக வைத்தாள், தாள் எடுத்து வந்தாள். நீட்டிய கை, எதிரே ஊசி, நடுவில் சிவப்புக் கோடு. படத்தைப் பாண்டியம்மாளுக்கு அனுப்பி வீடியோவில் அவளே கேட்டாள்: “அத்தே, படம் ஓகேவா?”

பாண்டியம்மாள் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “கை நல்லாருக்கு கண்ணு. ஊசிதான் மீன் முள்ளு மாதிரி இருக்கு. கொழம்பு வச்சுருவாக.”

செலின் சிரித்துவிட்டு ஊசியைத் திருத்தினாள். பிறகு கால் மணி நேரம் இருவரும் பேசினார்கள். பாதிக்கு மேல் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்திருக்காது. இரண்டு பக்கமும் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது பதினோரு வீட்டிலும் அந்தச் சீட்டு ஒட்டிய கேன் இருக்கிறது. படத்துக்குக் கீழே ‘ஊசி, கை வைக்காதே’ என்று எழுத வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. அண்ணன் தன் கேனில் அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: ‘பாண்டியம்மாளைக் குத்தியது போதும்.’

குதிகால் புண் பங்குனிக் கடைசியில் மூடியது. சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியது. சுகாதார நிலையத்துக்கு இதுவரை மூன்று செவ்வாய்க்கிழமைகள் கேன்கள் போயிருக்கின்றன. மேலிடத்திலிருந்து மருத்துவருக்கு என்ன பதில் வந்தது என்று விசாரித்தேன். இன்னும் வரவில்லையாம். வரும்வரை வாங்குவதை நிறுத்துவதாக இல்லை என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். அவர் அத்தையும் ஊசி போடுபவர்தானாம்.

சென்ற செவ்வாய் அந்தப் படம் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே வேலை முடிந்து ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நடந்ததை அண்ணன் சொன்னார். குரலில் பழைய கனம் திரும்பியிருந்தது.

பாண்டியம்மாளும் பத்துப் பெண்களும் வெளிச்சம் வரும்போதே வந்துவிட்டார்கள். விதை வெங்காயக் கூடைகள் வரப்பில் இருந்தன. தண்ணீர் பாய்ச்சிய பார்கள் தயார். ஆனால் யாரும் தோட்டத்துக்குள் இறங்கவில்லை. பாண்டியம்மாள் வரப்பிலேயே நின்றார்.

“போட்டாச்சாண்ணே?”

“போட்டாச்சு.”

“போட்ட ஊசி?”

இப்படிக் கேட்பார் என்று தெரிந்தே அண்ணன் கேனைக் கொண்டுவந்திருந்தார். தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கிக் காட்டினார். உள்ளே சலசலத்தது. பெண்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

பாண்டியம்மாள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். முதல் வரிசையில், தன் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து, குத்துப்பட்ட அதே கட்டைவிரலால் மண்ணுக்குள் அழுத்தினார். விரலை உடனே எடுக்கவில்லை. அண்ணன் அந்த நேரத்தில்தான் படத்தை எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார்.

“என்னண்ணே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாராம் பாண்டியம்மாள். “கூடையை இங்கிட்டுத் தள்ளுங்க. வெயிலுக்கு முன்ன நாலு பார் முடிக்கணும்.”